வளையத்தைத் திருகிப் பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்

போன இதழில், வீடியோவுக்கு ஆட்டோ ஃபோகஸை மட்டும் நம்பி உட்காராதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: சரி, அப்படியானால் எந்த மேனுவல் லென்ஸை, அதாவது கையால் திருகி ஃபோகஸ் செய்யும் லென்ஸை, வாங்குவது? மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வந்ததை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். திருச்சி, நெல்லைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்வியும் ஏறக்குறைய இதுதான்.

கேள்வி: அண்ணே, என்னிடம் சோனி இசட்வி-ஈ10 இருக்கிறது, கூட வந்த 16-50 கிட் லென்ஸ்தான். நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். முன்னால் உட்கார்ந்திருப்பவனிடமிருந்து பின்னால் வாசலில் நிற்பவனுக்கு ஃபோகஸ் மாற்றினால் ஒரு டேக்கில் சரியாக வருகிறது, அடுத்த டேக்கில் தாண்டிப் போகிறது. எவ்வளவு பழகியும் கை படியவில்லை. பதினைந்தாயிரத்துக்குள் ஒரு லென்ஸ் சொல்லுங்கள். எஃப்/0.95 எல்லாம் வருகிறதே, அதையே எடுத்துவிடலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: கையில் குற்றம் இல்லை தம்பி. அந்த லென்ஸில் நீங்கள் திருகும் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நீங்கள் திருகுவதை ஒரு சென்சார் பார்த்து மோட்டாருக்குச் சொல்கிறது, மோட்டார்தான் கண்ணாடியை நகர்த்துகிறது. வேகமாகத் திருகினால் அதிகம் நகரும், மெதுவாகத் திருகினால் கொஞ்சமாக நகரும். அதனால் அதே கால் சுற்று, ஒரு டேக்கில் ஒரு இடத்திலும் அடுத்த டேக்கில் வேறு இடத்திலும் போய் நிற்கும். போதாக்குறைக்கு வளையம் எங்கேயும் முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் மேல் அடையாளக் கோடு போட்டும் பிரயோஜனமில்லை. உங்களுக்கு வேண்டியது மரை போட்ட நிஜமான வளையம், இரண்டு பக்கமும் முட்டி நிற்கிற வளையம்.

எஃப்/0.95 ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். எஃப் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அகலமாக லென்ஸ் திறக்கும், தெளிவாக விழும் இடம் அவ்வளவு குறையும். உங்கள் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/0.95-ல் திறந்துவைத்து ஒன்றரை மீட்டரில் இருக்கும் ஆளை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 7 செ.மீ. தான். அவன் வசனம் பேசும்போது லேசாகச் சாய்ந்தாலே கண் போய்க் காது தெளிவாகிவிடும். அதையே எஃப்/2.8-ல் வைத்தால் ஏறக்குறைய 20 செ.மீ. கிடைக்கும், அதற்குள் மனிதன் நடிக்கலாம். எப்படியும் 2.8-ல்தான் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் 0.95-க்குக் கொடுக்கிற காசு எதற்கு?

டிடிஆர்ட்டிசன், செவன்ஆர்ட்டிசன்ஸ் இரண்டிலும் சோனி ஈ-மவுன்டுக்கே (மவுன்ட் என்பது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) செய்த 35 மி.மீ. மேனுவல் லென்ஸ்கள் இருக்கின்றன. உங்கள் ஏபிஎஸ்-சி சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது, அதில் 35 என்பது ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமின் 52 மாதிரி தெரியும், குறும்படத்துக்கு அது ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் கேமராவோடு போய் மாட்டி, மிக அருகிலிருந்து கடைசி வரை வளையத்தை ஒரே பிடியில் திருகிப் பாருங்கள். கால் சுற்றிலேயே முடிந்துவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள், கை நடுங்கினால்கூட ஃபோகஸ் ஓடிவிடும். சினிமா லென்ஸ்களில் 270, 300 டிகிரி வரை சுற்றும், ஆனால் அங்கே ஃபோகஸைத் திருகுவதற்கென்றே ஃபோகஸ் புல்லர் என்று தனியாக ஒருவர் இருப்பார். ஒற்றை ஆளாக எடுப்பவனுக்குப் பாதிச் சுற்று அல்லது அதற்குச் சற்றுக் குறைவு போதும், கையை மாற்றிப் பிடிக்காமல் முடித்துவிடலாம். இடையில் எங்கேயாவது இறுகுகிறதா, திசை மாற்றும்போது வெறுமனே கொஞ்சம் ஆடிவிட்டு அப்புறம் பிடிக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். கடைசியாக, திருகிக்கொண்டே திரையின் ஓரத்தைக் கவனியுங்கள். ஃபோகஸ் மாறும்போது படம் மூச்சு விடுவதுபோல உப்பிச் சுருங்கினால், நீங்கள் சொன்ன வாசல் காட்சியில் அது அசிங்கமாகத் தெரியும். எல்லா லென்ஸிலும் கொஞ்சம் இருக்கும், எவ்வளவு என்பதுதான் கணக்கு.

கேள்வி: அப்பா சிம்மக்கல் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தார், மூடிப் பல வருடம் ஆகிறது. பீரோவைக் காலி செய்தபோது ஒரு நிக்கான் எஃப்எம்10, அதோடு 50 மி.மீ. எஃப்/1.8, 28 மி.மீ. எஃப்/2.8, ஒரு பென்டாக்ஸ் கே1000 அதன் 50 மி.மீ. லென்ஸோடு, தனியாக ஒரு டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 எல்லாம் கிடைத்தன. டாகுமாரின் கண்ணாடி டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. நான் சோனி ஏ6400 கேமரா வைத்திருக்கிறேன். இவை உதவுமா, பழைய கேமரா வாங்குபவரிடம் தள்ளிவிடலாமா? (சிம்மக்கல் வாசகர்)

பதில்: தள்ளிவிடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அப்பா சந்தோஷப்படுவார். உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்ததில் நமக்குக் கிடைத்த பெரிய லாபமே இதுதான். பழைய கேமராவுக்குள் மிரர் ஏறி இறங்க இடம் வேண்டும், அதனால் லென்ஸ் ஃபிலிமிலிருந்து தள்ளி உட்காரும். நிக்கானில் அந்தத் தூரம் 46.5 மி.மீ., பென்டாக்ஸில் 45.46. சோனி ஈ-மவுன்டில் வெறும் 18. நிக்கானுக்கு மிச்சமுள்ள 28.5 மி.மீ. இடைவெளியை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும், அதற்குள் கண்ணாடி எதுவும் வேண்டாம். அந்தக் குழாய்க்குத்தான் அடாப்டர் என்று பெயர்.

ஆனால் உங்களிடம் மூன்று வகை மவுன்ட் இருக்கிறது. நிக்கானுக்கு ஒன்று, பென்டாக்ஸ் கே-க்கு ஒன்று, டாகுமார் பெரும்பாலும் எம்42 மரை, அதற்கு ஒன்று. மூன்றையும் வாங்காதீர்கள். நிக்கான் இரண்டோடு ஆரம்பியுங்கள், ஒரே அடாப்டரில் 28-ம் 50-ம் ஓடும், உங்கள் சென்சாரில் அவை 42, 75 மாதிரி தெரியும், ஒரு உரையாடல் காட்சியை இதிலேயே முடிக்கலாம். அந்த நிக்கான் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் அகலமாக, ரப்பரோடு, எண்ணெய்யில் மிதப்பதுபோல் சுற்றினால் அது ஏஐ (AI) அல்லது ஏஐ-எஸ் (AI-S) என்கிற பழைய மேனுவல் வகையாக இருக்கும், நல்லது. வளையம் ஒடுங்கலாக, லொடலொடவென்று இருந்தால் பின்னால் வந்த ஆட்டோ ஃபோகஸ் டி (D) வகை. படம் நன்றாகவே வரும், ஆனால் சுற்றும் தூரம் குறைவு. அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையமே இல்லாத ஜி (G) வகைக்கு, அடாப்டரிலேயே அப்பர்ச்சர் வளையம் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் ஓடினால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. தூசி நாலைந்து இருந்தால் கவலையில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால், உள்ளே இருந்த கிரீஸ் நம்மூர் வெயிலில் உருகி வழிந்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு காலத்தில் இறுகிப்போன லென்ஸ் ஒன்றுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன், வளையம் அருமையாகச் சுற்றியது, ஒரு வாரத்தில் எண்ணெய் முழுவதும் இதழ்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பாவத்தை நீங்கள் செய்யாதீர்கள், லென்ஸ் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம், தோல் உறையோடு பீரோவில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், அது ஃபங்கஸுக்கு விருந்து. இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல் நிறம் மாறிவிட்டதா என்று வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், மாறியிருந்தால் வாணலியில் வறட்டுச் சூடு காட்டித் திரும்பப் போடலாம்.

டாகுமாரின் டிக்காஷன் நிறத்துக்குக் காரணம் கண்ணாடியில் கலந்த தோரியம். அந்தக் காலத்தில் ஒளியை நன்றாக வளைக்க அதைச் சேர்த்தார்கள், அதன் கதிரியக்கம் வருடங்கள் போகப்போகக் கண்ணாடியை மஞ்சளாக்கிவிடுகிறது. அளவு மிகக் குறைவு, கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. இதற்கு வைத்தியம் வெயில்தான், மதுரைக்காரனுக்கு அதில் பஞ்சமா? மொட்டை மாடியில் வடகம் காய்கிற இடத்தில் சில நாள் வைத்து எடுத்தால் நிறம் நன்றாகவே தெளியும். அலுமினியத் தாளைக் கீழே விரித்து வையுங்கள், துணி மேலோ காகிதம் மேலோ வைத்துவிட்டுப் போகாதீர்கள், லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கும். வடகமும் கருகும்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். எல்லா லென்ஸையும் மேனுவலுக்கு மாற்றினால் சினிமா மாதிரி வரும் என்று சொல்கிறார்கள். மாற்றலாமா? (சோழவந்தான் வாசகர்)

பதில்: முகூர்த்தத்துக்கு வேண்டாம். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை பறக்கும், மாப்பிள்ளையின் அத்தை குறுக்கே வருவார், மணமகள் குனிவாள், எல்லாம் பத்து நொடி. ரீடேக் கிடையாது. நான் ஒருமுறை வீம்பாக 85 மி.மீ. மேனுவலில் எடுத்தேன். ஃபோகஸ் விழுந்த இடத்தைத் திரையில் காட்டும் பீக்கிங் கோடுகள் சிவப்பாக ஜொலித்தன, சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரோஜா மாலையின் ஒவ்வொரு இதழும் தெளிவு, தாலி கட்டுகிற முகங்கள் இரண்டும் மங்கல். பீக்கிங், நுணுக்கமான ஓரங்கள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு போடும், முகம் எது மாலை எது என்று அதற்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள், நான்தான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு கேமரா ஆட்டோ ஃபோகஸில் மேடையைப் பார்க்கட்டும். அதிகாலை அலங்காரம், சீர்வரிசைத் தட்டு, பூக்காரம்மாவின் விரல்கள், பந்தியில் இலை போடுவது, இதற்கெல்லாம் இன்னொரு கேமராவில் 50 மேனுவலைப் போடுங்கள். அங்கே அவசரம் இல்லை, நீங்கள் நினைத்த இடத்துக்கு ஃபோகஸ் மெதுவாக வந்து உட்காரும். பார்ப்பவர்கள் சினிமா மாதிரி இருக்கிறது என்பது அதைத்தான்.

கேள்வி: ஹீலியோஸ் 44-2 என்ற பழைய லென்ஸை வாங்கலாமா? அதில் மங்கலான பின்னணி சுழல்வது போலத் தெரிவது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏபிஎஸ்-சி கேமரா. (மேலூர் வாசகர்)

பதில்: அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் இருக்கிறது, உங்கள் சென்சார் ஓரத்தை வெட்டிவிடும். ஃபோட்டோவில் பார்த்து மயங்கியதில் பாதிகூட உங்களுக்கு வராது. வந்தாலும், அதே சுழலை நான்காவது ஷாட்டில் பார்க்கும்போது பார்வையாளருக்குத் தலை சுற்றும். ஆனால் அதை நல்ல லென்ஸ் என்று சொல்ல வேறு காரணம் இருக்கிறது: அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம், ஒன்று அளவை முன்கூட்டியே நிறுத்திவைக்க, மற்றொன்று க்ளிக் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்து மூட. வீடியோவுக்கென்றே செய்தது போல இருக்கும். 58 மி.மீ. உங்களுக்கு 87 போலத் தெரியும், குளோசப்புக்கு மட்டும் என்று வாங்குங்கள்.

கேள்வி: ஜல்லிக்கட்டை மேனுவல் லென்ஸில் எடுக்க முடியுமா? காளை வருகிற வேகத்துக்கு யார் ஃபோகஸ் பண்ணுவது? (பாலமேடு வாசகர்)

பதில்: யாரும் பண்ணக் கூடாது, அதுதான் இதில் சூட்சுமம். காளை எங்கிருந்தோ வருவதில்லையே, வாடிவாசல் வழியாகத்தான் வரப்போகிறது. நீங்கள் கேலரியில் 20 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், கையில் பழைய 135 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். எஃப்/5.6-ல் வைத்து, முதல் காளை வருவதற்கு முன்பே வாடிவாசல் மரத்தில் ஃபோகஸை வைத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்து, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் கிட்டத்தட்ட 18 மீட்டரிலிருந்து 23 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். காளை வெளியே பாய்ந்து, திமிலை முதல் ஆள் பிடிக்கிற அந்த இரண்டு நொடி அதற்குள் அடங்கிவிடும். அதற்கப்புறம் வெளியே போனால் போகட்டும், துரத்தாதீர்கள். மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) கட்டாயம், பழைய லென்ஸில் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, 135-ல் உங்கள் மூச்சுகூடத் தெரியும்.

கூட்டம், தெரு, காளையைக் குளிப்பாட்டிக் கூட்டி வருவது, இதற்கெல்லாம் 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்து ஃபோகஸை 5 மீட்டரில் நிறுத்துங்கள். இரண்டரை மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற வரை எல்லாம் தெளிவு, அன்று முழுக்க வளையத்தைத் தொடவே வேண்டாம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கும் இதே வைத்தியம்தான். ஒன்று மட்டும் கவனம். பழைய லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழக் கோடுகள் ஃபிலிம் அளவுக்குப் போட்டவை. ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப்/8-ல் எடுக்கும்போது எஃப்/5.6-க்கு உரிய கோடுகளை நம்புங்கள். மலிவு அடாப்டர்களை ஒரு மயிரிழை குட்டையாகவே செய்திருப்பார்கள், அதனால் தூர எண்களும் சற்றுத் தள்ளிக் காட்டும். டேப்தான் சத்தியம், எண் இல்லை.

கேள்வி: கீழக்குயில்குடி சமணர் மலையடியில் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தோம். பின்னணி மங்கலாக வேண்டுமே என்று எஃப்/2.8-ல் வைத்தோம், ஷட்டர் 1/3000-க்கு மேல் போய்விட்டது. நடப்பது எல்லாம் வெட்டி வெட்டித் தெரிகிறது. லென்ஸ் கோளாறா? (நாகமலை புதுக்கோட்டை வாசகர்)

பதில்: லென்ஸ் பாவம், அதை விடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். அசைவும் இயல்பாக இருக்கும், மண்டபத்து டியூப் லைட்டும் சிமிட்டாது. இப்போது கணக்குப் போடுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 என்றால் எஃப்/22 வேண்டும். அதிலிருந்து எஃப்/2.8-க்கு வர ஆறு ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிக்கும். ஆறு ஸ்டாப் வெளிச்சத்தை யாராவது விழுங்க வேண்டும், அதுதான் என்டி 64 ஃபில்டர். பின்னால் நிறத்தைச் சரிசெய்வதற்காக வெளிறலாகப் பதியும் லாக் (log) முறையில் எடுத்து, கேமரா ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் கூடும்.

லென்ஸ் வாங்கும் பட்ஜெட்டிலேயே இதற்கும் ஒதுக்குங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. பழைய லென்ஸ்களுக்கு முன்மரை 49, 52, 55 என்று ஆளுக்கொரு அளவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் வாங்காமல் 77 மி.மீ.-ல் ஒரே ஒரு நல்ல ஃபில்டர், சிறிய மரைகளில் அதை மாட்ட ஸ்டெப்-அப் ரிங். திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி வசதியானது, ஆனால் கடைசி வரை திருகினால் வைட் லென்ஸில் வானத்தில் எக்ஸ் வடிவில் கருப்பு விழும்.

கேள்வி: லென்ஸ் மேல் எஃப் (f) என்பதும் டி (T) என்பதும் ஒன்றா? சினி லென்ஸ் என்று போட்டிருந்தால் இரண்டு மடங்கு விலை சொல்கிறார்களே? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: எஃப் என்பது அளவெடுத்துச் சொல்லும் கணக்கு, டி என்பது கண்ணாடிகளைத் தாண்டி உண்மையில் எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்பது. சினி லென்ஸை ஒரு செட்டாக வாங்கினால்தான் அந்தக் காசுக்கு அர்த்தம்: டி அளவு ஒன்றாக இருக்கும், வளையத்தில் 0.8 அளவுப் பற்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும், லென்ஸ் மாற்றும்போது ஃபாலோ ஃபோகஸை (வளையத்தைப் பல்சக்கரத்தால் திருகும் கருவி) நகர்த்த வேண்டியிருக்காது. ஃபாலோ ஃபோகஸே இல்லாத ஆளுக்கு அந்தப் பற்கள் விரலைக் குத்தும், அவ்வளவுதான்.

கேள்வி: நிக்கான் ஒன்று, கேனான் எஃப்டி ஒன்று வைத்திருக்கிறேன். அவசரத்தில் எப்போதும் தப்பான பக்கமே திருகுகிறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா? ஃபோகஸ் பழக ஏதாவது வழி உண்டா? (தல்லாகுளம் கல்லூரி மாணவி)

பதில்: எல்லோருக்கும்தான் அம்மா. நிக்கான் ஒரு பக்கம் சுற்றும், கேனான் அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டும் நல்ல லென்ஸ்கள், ஒரே பையில் இருக்கக் கூடாது. ஏதாவது ஒன்றை விற்று மற்றதன் ஜாதியிலேயே இன்னொன்று வாங்குங்கள், ஆறு மாதத்தில் விரல் தானாகப் போகும்.

பழக நல்ல இடம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். விடிகாலையில் போய், கேட்டுக்கொண்டு, மல்லிகை கட்டுகிற ஒருவரின் எதிரே உட்காருங்கள். 50 மி.மீ., எஃப்/2.8. முதலில் விரலில் ஃபோகஸ், அங்கிருந்து முகத்துக்கு, மறுபடி விரலுக்கு. பீக்கிங்கை அணைத்துவிடுங்கள். ரெக்கார்டு அழுத்துவதற்கு முன் இரண்டு இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தில் இரண்டு டேப் ஒட்டுங்கள். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது திருப்ப ஆரம்பித்தால் நேரம் தவறிவிட்டது, நிமிரப்போகிறார் என்று தோளில் தெரியும், அப்போதே திருப்ப வேண்டும். இருபது தடவை செய்தால் பத்தொன்பது சொதப்பும். வரும்போது ஒரு முழம் வாங்கிவிடுங்கள், அவ்வளவு நேரம் உட்கார்ந்ததற்கு அதாவது செய்ய வேண்டும்.

கேள்வி: அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸை மாட்டினால் லென்ஸ் இல்லை என்று சொல்லிக் கேமரா வேலையே செய்ய மறுக்கிறது. அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள், கடைக்காரர் சிரிப்பார். அது வெறும் குழாய், லென்ஸ் மாட்டியிருப்பதை அது கேமராவுக்குச் சொல்லாது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ரிலீஸ் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். கேமராவுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால், மாட்டியிருக்கும் லென்ஸ் எத்தனை மி.மீ. என்று அங்கேயே கையால் போடுங்கள், லென்ஸ் மாற்றும்போதெல்லாம் மறக்காமல். 28-ஐ மாட்டிவிட்டு 135 என்று விட்டுவைத்தால் படம் பேய் பிடித்த மாதிரி ஆடும்.